ஏகமனதாக

மத்தியானச் சோத்துக்கு அப்பறம் மாநாட்டுல கண்ணத் தொறந்து வெச்சிருக்கறவனுக்குத்தான் மொதல்ல தியாகி பட்டம் குடுக்கோணும்னு நெனச்சுக்கிட்டான் செங்கோடன். தயிர்ச்சோறு வயித்துல செங்கல்லாட்டம் உக்காந்திருந்துச்சு. மேல சுத்துற காத்தாடி காத்தை விட சத்தத்தைத்தான் தாராளமா குடுத்துச்சு. பள்ளிபாளையத்துல இருக்கறதுலயே வாடகை கம்மியான கல்யாண மண்டபம், அதுல உழைப்பாளர் கட்சியோட நகர மாநாடு. மேடைக்குப் பின்னால செவப்புத் துணி. துணி ஒரு மொழம் பத்தாம போனதுல நேத்து நடந்த கல்யாணத்தோட தெர்மாகோல் இதயம் ஓரத்துல எட்டிப் பாக்குது, மாப்பிள்ளை பேரு முழுசா, பொண்ணு பேரு பாதி. அந்த இதயத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு வக்கீல் நிலவழகன், பாவாயியக்காளை ஏன் கட்சிய விட்டு நீக்கியே ஆகோணும்னு வெளக்கிக்கிட்டிருந்தாரு. சமரசவாதம்னாரு. பொருளாதாரவாதம்னாரு. கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு சரணாகதிவாதம்னாரு. எங்கூர்ல வாதம்னா கையி காலு வெளங்காம போறதுய்யா, நீ என்ன, ஒரு பொம்பளைக்கு இத்தனை வாதத்தைக் குடுக்கறே, அவ இன்னமும் ரெண்டு கால்ல நடந்து வந்து மூணாவது வரிசையில குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கிட்டிருக்கறாளேன்னு செங்கோடனுக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. பக்கத்துல சொல்லிச் சிரிக்க ஆளில்ல. இடது பக்கம் மருந்துக்கடை ஜெயபாலண்ணன், தன்னோட செருப்பையே ஏதோ புதுசா வெளிவந்த மாத்திரையாட்டம் உத்துப் பாத்துக்கிட்டிருந்தாரு. வலது பக்கம் செவுரு. ரெண்டுல செவுரு பரவால்ல, அது நேத்து எந்த வாக்கும் குடுக்கல.

பாவாயியக்கா தலையைக் கொஞ்சம் சாய்ச்சு வலது காதை மேடைக்குக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தா. இடது காது தறிக்குப் போயிருச்சு. விசைத்தறிப் பட்டறையில பதினாலு வயசுல நின்னவ, இப்ப அம்பது தாண்டியாச்சு, டகடக டகடகன்னு அந்தச் சத்தம் ஒரு காதைத் தின்னுட்டு இன்னொண்ணைப் போனாப் போகுதுன்னு விட்டு வெச்சிருக்கு. அதனால அவ ரகசியம் பேசுனாலும் ரோட்டுக்குக் கேக்கும். அந்தக் காதை வெச்சுக்கிட்டு அவளைப் பத்தி அவரு சொல்றதை ஒரு வார்த்தை சிந்தாம கேக்கறா பாரு, எவனோ பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்தைக் கேக்கறாப்புல. அழுது தொலைச்சாலாவது பரவால்ல. எந்திரிச்சு, அட போடா பொசகெட்டவனேன்னு ஒரு சத்தம் போட்டா இந்த மண்டபத்துல காத்தாடியே நின்னு போகும். மாட்டா. கட்சிக் கட்டுப்பாடு. குற்றச்சாட்டை முழுசாக் கேக்கறது ஒரு தோழரோட கடமை. அந்தக் கடமையைத் தூக்கி ஆத்துல போட. செங்கோடனுக்குக் காது ரெண்டும் சூடாச்சு. தொண்டையச் செருமுனான். அய்யோ தொண்டை, தொண்டையத்தான் இன்னிக்குப் பத்திரமா வெச்சிருக்கோணும், இல்ல, வெச்சிருக்கக் கூடாது, எது சரின்னு காலையில இருந்து இதே தறியில பாவு நூலு அறுந்து அறுந்து போகுது.

ஏன்னா அவன் தொண்டைதான் கட்சிக்கு மைக் செட்டு. அவன் ஒருக்கா "உழைப்பாளர் ஒற்றுமை"ன்னு எடுத்து விட்டான்னா தூங்குற ஆளும் கையை மடக்கி மேல தூக்கிக்கிட்டு "ஓங்குக"ன்னுதான் எந்திரிப்பான். அதுல யோசனையே கெடையாது, கொசு கடிச்சாச் சொறியற மாதிரி. ஊர்வலத்துல அது அழகு. மாநாட்டுல அது ஒரு கருமம். போன வருசம் மாவட்ட மாநாட்டுல அவன் கண்ணால பாத்தான். சந்தாவை ஏத்தறதுக்கு ஒரு தீர்மானம், பாதிப் பேருக்கு இஷ்டமில்ல, மொணமொணன்னு பேச்சு. தலைமை தாங்குனவரு தீர்மானத்தைப் படிச்சு முடிச்சு, மூச்சு விடறதுக்குள்ள யாரோ ஒரு தோழரை விட்டு கோஷம் போட வெச்சாரு. கூட்டம் பூராவும் கையைத் தூக்குச்சு. "ஏகமனதாக நிறைவேறியது"ன்னு எழுதிட்டாங்க. எதுக்குறதுக்குன்னு தயாரா வந்தவனுங்க கையும் மேலதான் இருந்துச்சு. அவனுக தங்களோட கையையே அண்ணாந்து பாத்த பார்வை இருக்கே, பஸ்ஸுல பர்ஸைப் பறிகொடுத்தவன் பார்வை. அன்னிக்கு செங்கோடன் வயிறு வலிக்கச் சிரிச்சான். இன்னிக்குச் சிரிப்பு வரல. இன்னிக்குத் தலைமை தாங்குறவரு குருநாதன். காலையில வணக்கம் சொன்ன கையோட அவன் தோளைத் தட்டி, "சாயங்காலம் உன் வேலை இருக்குதப்பா, சுக்குத்தண்ணி குடிச்சு வெய்யி"ன்னாரு. அந்தத் தட்டு இன்னமும் தோள்ல கெடக்குது, பல்லி விழுந்தாப்புல.

என்ன தப்புப் பண்ணுனா அவ? வேலைநிறுத்தம் ஒரு மாசத்தைத் தாண்டிப் போய்க்கிட்டிருந்துச்சு. ஊரே ஊமையாயிருச்சு. தறிச்சத்தம் இல்லாம பள்ளிபாளையத்துல தூங்கறது எப்படின்னு சனத்துக்குத் தெரியல. பொம்பளைங்க விடிகாலையில எந்திரிச்சு வாசல்ல சும்மா நிப்பாங்க. செங்கோடனோட அம்மா அடுப்பைப் பத்த வெச்சு, ஒலைத் தண்ணிய வெச்சு, அது கொதிக்கறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா, பக்கத்து வீட்டுக்குப் பொகை தெரியோணுமே. அவன் அதைக் கேலி பண்ணுனான், "ஏம்மா, சுடுதண்ணியில எத்தனை வகை பண்ணுவே?"ன்னு. அவ சிரிச்சா. சிரிச்சுட்டு அந்தண்டை திரும்பிக்கிட்டா. திரும்புன முதுகு. அதை நெனைக்கக் கூடாது, நெனச்சா இங்கயே நாற்காலியத் தூக்கி எறியோணும்னு வருது. முதலாளிங்க சங்கம் ஒரு நாள் மத்தியானம் எறங்கி வந்துச்சு. கேட்டதுல பாதி கூலி உயர்வு, அதோட ஞாயித்துக்கெழம தறி ஓட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டோம், பொழுது சாயறதுக்குள்ள கையெழுத்துப் போட்டா சரி, இல்லன்னா பேச்சே இல்லன்னாங்க. சங்கச் செயலாளர் பாவாயி. நகரக்குழுவைக் கேட்டுத்தான் போடோணும். நகரச் செயலாளர் நிலவழகனுக்குப் போன் போட்டா எடுக்கல. திருப்பித் திருப்பிப் போட்டா, எடுக்கல. ஏன்னா அவரு மெட்ராஸ்ல ஏசி ஹால்ல நின்னு பள்ளிபாளையம் வேலைநிறுத்தத்தோட வரலாற்று முக்கியத்துவத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாரு. இதை நீங்க கதையா எழுதுனா எவனும் நம்ப மாட்டான். சங்கத்து வாசல் பூராவும் பொம்பளைங்க. எவளும் போதும்னு சொல்லல, ஒவ்வொருத்தியும் கொழந்தைய இடுப்பு மாத்தி இடுப்பு வெச்சுக்கிட்டு நின்னா. பாவாயி போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தா. மறுநா விடிகாலையில டகடக டகடகன்னு ஊருக்கு உசுரு வந்துச்சு. அதுக்குப் பேரு சரணாகதி. இன்னிக்கு அவளை நீக்கிட்டா அந்தக் கையெழுத்து கட்சியோட கையெழுத்து இல்லன்னு ஆயிரும். நாளை கழிச்சுத் திங்கக்கெழம ஒப்பந்தம் செல்லாதுன்னு அறிக்கை, மறுபடியும் வேலைநிறுத்தம். நிலவழகன் அதையும் இப்பச் சொல்லிக்கிட்டிருக்காரு, "இறுதி வரை"ங்கறாரு. யாரோட இறுதிங்க தோழர்? உங்க வீட்டுல அரிசி தீந்து நான் பாத்ததில்லையே.

சரி, அந்தாளு எதிரி, மூஞ்சிக்கு நேரா எதிரி. அவரு நம்பறதைத்தான் பேசறாரு, அந்த ஒரு மரியாதை இருக்கட்டும். இந்தப் பக்கம் உக்காந்திருக்குதே மெதுவாப் போற கோஷ்டி, இதைத்தான் செங்கோடனால பொறுக்க முடியல. நேத்து பொழுதோட மருந்துக்கடைக்குப் பின்னால அட்டைப்பொட்டிக மேல உக்காந்து பேசுனாங்க. ஜெயபாலண்ணன், பழனிவேலு வாத்தியாரு, இன்னும் ஏழெட்டுப் பேரு. எல்லாரும் தங்கமான மனுசங்க. எவ்வளவு தங்கம்னா, பேசறப்பவே குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க, பக்கத்துல இருமல் மருந்துக்கு வந்தவனுக்குத் தொந்தரவாயிருமாம். "பாவாயிய விட்டுரக் கூடாது"ன்னாங்க. "ஆனா வேகப்படக் கூடாது"ன்னாங்க. "எதுப்பைப் பதிவு பண்ணோணும், அதே சமயம் நிலவழகன் மனசு புண்படக் கூடாது"ன்னாரு வாத்தியாரு. மனசு புண்படாம எதுக்கறதுக்கு மருந்து ஏதாச்சும் உங்க கடையில இருக்குதுங்களாண்ணான்னு செங்கோடன் கேட்டான், எல்லாரும் சிரிச்சாங்க, அவன் சொல்றதுக்கு எல்லாரும் சிரிப்பாங்க, அதான் அவன் தலையெழுத்து. கடைசியில ஜெயபாலண்ணன் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ மொதல்ல எந்திரிச்சுப் பேசு கண்ணு, உனக்குத்தான் வாய் இருக்குது. நீ ஆரம்பிச்சு விட்டாப் போதும், ஒவ்வொருத்தரா நாங்க எந்திரிக்கறோம்"னாரு. அவனுக்கு அப்பப் பெருமையா இருந்துச்சு. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால பேசிக்கூடப் பாத்தான். இன்னிக்கு இந்த நாற்காலியில உக்காந்து சோறு செமிக்கறப்பத்தான் உறைக்குது. அவனை ஏன் மொதல்ல விடறாங்க? எடுபட்டுச்சுன்னா இவிய எந்திரிப்பாங்க. எடுபடலைன்னா, அது கெடக்குது வெளையாட்டுப் பய, காலேஜு முடிக்காதது, ஏதோ ஒளறிருச்சுன்னு முடிச்சுக்குவாங்க. தண்ணி ஆழமான்னு பாக்கறதுக்குக் கல்லை எறிவாங்களே, அந்தக் கல்லு அவன். கல்லுக்கு நீச்சல் தெரியுமான்னு எவன் கேக்கறான்.

காலேஜு. அது வேற இப்ப எதுக்கு வருது. மூணாவது வருசம் பாலிடெக்னிக்கை விட்டான், பரீட்சைக்குப் பணம் கட்டற வாரத்துல சங்கத்து மறியல், உள்ள போயிட்டான், வெளிய வந்தப்போ திரும்பப் போகத் தோணல. எல்லாரும் கட்சிக்காகப் படிப்பை விட்டான்னு சொன்னாங்க. அவனுக்குத் தெரியும், பாதி கட்சிக்காக, பாதி எஞ்சினியரிங் டிராயிங்குக்காக. ஆனா அப்பறம் கட்சி ஆபீஸ்தான் வீடாச்சு. பெஞ்சு, நாளிதழ், சாய்ங்கால டீ, தோழர்னு கூப்புடுற பேரு. வேற எவனும் அவனை மருவாதியா ஒரு பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. நிலவழகனே ஒருக்கா, "செங்கோடன்னு சாமி பேரா இருந்தாலும் பரவாயில்ல, உள்ள செங்கொடி இருக்குது"ன்னு மேடையில சொல்லிக் கைதட்டு வாங்குனாரு. அன்னிக்கு ராத்திரி பூராவும் சந்தோசத்துல தூக்கம் வரல. இதையும் விட்டுட்டா அவன் என்ன? ரெண்டு தடவை பாதியில விட்டவன். டீக்கடையில உக்காந்து ஜோக்கு சொல்ற ஆளு. அந்த நெனப்பு வந்தவுடனே உள்ளங்கை வேர்த்துச்சு. பேண்ட்டுல தொடச்சான். மறுபடி வேர்த்துச்சு. பேசாம கோஷத்தைப் போட்டுட்டுப் போயிரலாமா. ஒரு கோஷம்தானே. தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லிரலாமா. சொன்னா வேற எவனாவது போடுவான், அவன் கொரலுக்குப் பாதிக் கைதான் எந்திரிக்கும், பாதிக் கை போதுமா அவுங்களுக்கு? போதும், கண்ணு தெரியாதவனாட்டம் முழுசுன்னு எழுதிக்குவாங்க. அட நாயே, ஒளியறதுக்கு எடம் தேடறயா, நீயும் அட்டைப்பொட்டி மேல உக்கார்ந்த கோஷ்டிதானான்னு அவனை அவனே திட்டிக்கிட்டான். திட்டு நல்லா விழுந்துச்சு.

நிலவழகன் பேசி முடிச்சு எறங்குனாரு. முன்வரிசையில இருந்த அவரு கோஷ்டி இளவட்டம் மேசையத் தட்டுச்சு. குருநாதன் மைக்கைப் பிடிச்சாரு. பேசறதுக்குப் பேரு குடுத்தவங்க சீட்டு அவரு முன்னால கெடந்துச்சு, அதுல செங்கோடன் சீட்டும் காலையில இருந்து கெடக்குது. அதைத் தண்ணி டம்ளருக்கு அடியில மூடி வெச்சிருந்தாரு.

"நேரம் ஆயிருச்சு தோழர்களே. விவாதத்தை இதோட முடிச்சுக்குவோம்."

செங்கோடன் ஜெயபாலண்ணன் முழங்கையை இடிச்சான். "அண்ணா, என் பேரைக் கூப்புடவே இல்ல. எந்திரிங்க."

"பொறு கண்ணு. இப்ப எந்திரிச்சா சபை மரியாதை கெட்டுரும்."

"அக்கா போயிருவாங்கண்ணா."

"நடுநிலைன்னு ஒண்ணு இருக்குது பாரு. யோசிச்சுப் பாத்தேன். ஆதரிக்க வேண்டாம், எதுக்கவும் வேண்டாம். நாம கௌரவமா…"

"உங்க கௌரவத்துல ஒரு மாத்திரை எனக்கும் குடுங்கண்ணா, நெஞ்சை அடைக்குது."

அவரு நெசமாவே சட்டைப்பையத் தொட்டுப் பாத்தாரு. அந்த மனுசனைத் திட்டக்கூட முடியலையேங்கற கோவம் தனியா வந்துச்சு.

குருநாதன் தீர்மானத்தைப் படிச்சாரு. கட்சி முடிவை மீறி ஒப்பந்தம் செஞ்ச தோழர் பாவாயி அடிப்படை உறுப்பினர் பொறுப்பில இருந்து நீக்கப்படுகிறார். படிச்ச கையோட, மூச்சு விடாம, "கோஷத்தோட நிறைவேத்துவோம். தோழர் செங்கோடன் மேடைக்கு வாங்க"ன்னாரு.

நடந்தான். காலு நடந்துச்சு, அவன் கூடப் போனான். தூங்கிக்கிட்டிருந்த சனம் நிமிந்து உக்காந்துச்சு. மேல நின்னு பாத்தா எல்லார் கையும் மடியில பாதி மடங்கித் தயாரா இருந்துச்சு, ஆதரிக்கறவன் கை, எதுக்கறவன் கை, ஒரு வித்தியாசமும் இல்ல. பழனிவேலு வாத்தியாரோட கை கூட. ஒரு வார்த்தை போதும். நாக்குக்கு அடியில அந்த வார்த்தை உருண்டுக்கிட்டு நின்னுச்சு, எத்தனை தெருவுல கத்துன வார்த்தை, எவ்வளவு பிடிச்ச வார்த்தை. அதை வெச்சே அவளைக் கொல்லச் சொல்றாங்களே. இதுக்காடா நான் தொண்டை கிழியக் கத்துனேன். ஒடம்பு பூரா ஒரு சூடு ஏறி மண்டைக்கு வந்துச்சு.

"கோஷம் போட மாட்டனுங் தோழர்"னான் மைக்குல. அவன் கொரலே அவனைப் பயமுறுத்துச்சு. "எல்லாரும் கையைக் கீழ வெய்யிங்க. எண்ணுங்க."

பாதி மடங்குன கையெல்லாம் அப்பிடியே நின்னு போச்சு. அப்பறம் முன்வரிசையில இருந்து, "எறங்குடா கோமாளி!"ன்னு ஒருத்தன் எந்திரிச்சான்.

"கோமாளிதான். கோமாளிக்கும் எண்ணத் தெரியும், உனக்கு ஏம்ப்பா பயம்?"

"இது கட்டுப்பாட்டு மீறல்"னாரு நிலவழகன், ஒக்காந்த எடத்துல இருந்தே.

"கை தூக்குறதை எண்ணோணும்னு உங்க விதியிலதான் இருக்குதுங் வக்கீலய்யா. வாசிச்சுக் காட்டுங்க, நாங்க படிக்காதவிய."

பின்னால பொம்பளைங்க பக்கம் இருந்து ஒரு சத்தம், "எண்ணுங்களேன், எண்ணறதுக்கு என்ன கொள்ளை?" இன்னொண்ணு, "எண்ணுப்பா!" குருநாதன் நிலவழகனைப் பாத்தாரு. நிலவழகன் எண்ணட்டும்னு தலைய ஆட்டுனாரு, வெறைப்பா. அவருக்குப் பயம் இல்ல.

"சரி. தீர்மானத்தை ஆதரிக்கறவங்க?"

முன்வரிசை சடசடன்னு தூக்குச்சு. நடுவுல அங்கொண்ணு இங்கொண்ணு. செங்கோடன் கண்ணாலயே எண்ணுனான், பாதி வரல, பாதிக்குப் பக்கத்துலகூட வரல, அக்கா பொழச்சா, நெஞ்சு டகடக டகடகன்னு அடிச்சுக்குது, அக்கா பொழச்சுட்டா. அப்பத்தான் மூணாவது வரிசையில பாவாயி மெதுவா, முட்டியப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. வலது கையைத் தூக்குனா. உசரமா, நேரா, கட்டைவிரல்ல நூலு அறுத்த தழும்பு தெரியற மாதிரி.

தன்னை நீக்கறதுக்குத் தானே கை தூக்குறா.

அவ கை ஏறுன உடனே என்ன நடந்துச்சுன்னு மேடையில நின்ன அவனுக்குத்தான் முழுசாத் தெரிஞ்சுச்சு. மெதுவாப் போற கோஷ்டி மூஞ்சி ஒவ்வொண்ணுலயும் ஒரு நிம்மதி. பரீட்சை ரத்தாயிருச்சுன்னு கேட்ட பசங்களாட்டம். அவளே சம்மதிச்சுட்டா, இனி நமக்கென்ன. வாத்தியாரு கை ஏறுச்சு. அதுக்குப் பின்னால ஏழெட்டுக் கை, எண்ணச் சொன்ன பொம்பளைங்க பக்கத்துலயும் அக்காளைப் பாத்து வரிசையாக் கை. ஜெயபாலண்ணன் கண்ணைத் தொடச்சுக்கிட்டே தூக்குனாரு. அழுதுக்கிட்டே தூக்குற கைக்கும் ஒரு ஓட்டுதான். எண்ணிக்கை பாதியத் தாண்டுச்சு.

"எதிர்க்கறவங்க?"ன்னாரு குருநாதன். கேக்கறதுக்குள்ள செங்கோடன் கை மேல இருந்துச்சு. மடக்காம, விரலை விரிச்சு.

"கையை எறக்குடா செங்கோடா!" பாவாயியோட கொரலு, பட்டறைக்குள்ள தறியைத் தாண்டிப் பேசற கொரலு, மண்டபச் செவுத்துல பட்டுத் திரும்பி வந்துச்சு. "கட்சி ரெண்டாகக் கூடாது. என்னால ஆகக் கூடாது. எறக்கு சாமி."

"கட்சி ரெண்டாகாதுங்க்கா. திங்கக்கெழம தறி நிக்கும்."

"நிக்கட்டும். நின்னு ஓடும்."

"எங்கம்மா சுடுதண்ணி வெச்சுக் காட்டுச்சுக்கா. நீங்கதான் நிறுத்துனீங்க. இப்ப எதுக்குக்கா அவியளோட சேந்து…" மேல வரல. மைக்கு அவன் மூச்சைப் பிடிச்சு எல்லாருக்கும் குடுத்துச்சு. அவன் மேல அவளுக்கு வந்த கோவத்தைப் பாத்தான். நிலவழகன் மேல ஒரு நா கூட அப்பிடிக் கோவப்பட்டதில்ல அவ. அதைப் பாத்தவுடனே இவனுக்கு அவ மேலயே கோவம் வந்துச்சு, அடங்காத கோவம், பெத்தவ மேல வர்ற மாதிரி. நீ பெரிய மனுசி, சரி. உன் பெருந்தன்மைக்கு ஊரா பட்டினி கெடக்கோணும்?

குருநாதன் எழுதி வெச்சிருந்ததை வாசிக்க வாயத் தொறந்தாரு. "ஏக…"ன்னு வந்துச்சு. நிறுத்துனாரு. பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடிச்சாரு. "ஒருத்தர் எதிர்ப்போட தீர்மானம் நிறைவேறியது."

பாவாயி சீலை முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு நடுவழியா வாசலுக்கு நடந்தா. உறுப்பினர் இல்லாதவங்க உள்ள இருக்கக் கூடாது, அவளுக்கு விதி தெரியும். ஒருத்தரும் அவளைப் பாக்கல. எல்லாரும் மேடையப் பாத்தாங்க, அங்க இன்னமும் ஒரு கை மேல நின்னுக்கிட்டிருந்துச்சு.

"எண்ணியாச்சுப்பா"ன்னாரு குருநாதன், மைக்கை மூடிக்கிட்டு, கிட்டத்தட்டக் கெஞ்சற மாதிரி. "எறக்கு."

செங்கோடன் ஜெயபாலண்ணனைப் பாத்தான். வாத்தியாரைப் பாத்தான். தோளு கடுத்துச்சு.

"சரியா எண்ணலைங் தோழர்"னான். "இன்னொருக்கா எண்ணுங்க."